கோயில் நிலம், ஓட்டு, வகுப்பறை, ஆராய்ச்சிப் பணம்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் பல குடும்பங்களுக்கு உழுகிற நிலம் சாமி பேரில் இருக்கும். பிள்ளை படிக்கிற பள்ளி சபையாருடையதாக இருக்கும். கல்லூரி மடத்துடையதாகவோ அறக்கட்டளையுடையதாகவோ இருக்கும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஜீப்பை விட்டு முதலில் இறங்குவதும் பிள்ளையார் கோயில் வாசலில்தான். அதனால் இங்கே மதமும் அரசியலும் எங்கே பிரிகின்றன என்ற கேள்வி டீக்கடையிலேயே வந்துவிடுகிறது. எங்களிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளும் பதில்களும் கீழே.

மதச்சார்பின்மை என்றால் அரசு மதத்தைத் தொடவே கூடாது என்றுதானே பொருள்?

இந்திய அரசமைப்பு அப்படிச் சொல்லவில்லை. உறுப்பு 25 தனிமனிதரின் நம்பிக்கையைக் காக்கிறது, 26 மத அமைப்புகளின் நிர்வாக உரிமையைக் காக்கிறது. ஆனால் சொத்து, வரவு செலவு, நிர்வாகம் ஆகியவற்றில் அரசு சட்டம் போடலாம். நீதிக்கட்சி ஆட்சி 1925-இல் கொண்டுவந்த இந்து சமய அறநிலையச் சட்டத்திலிருந்து இன்று நடைமுறையிலுள்ள 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்த அடிப்படையில் நிற்பவைதான். அரசமைப்பின் 290-ஏ உறுப்பைப் படித்தால் பலர் திகைத்துப்போவார்கள். 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பகுதியின் கோயில்களுக்காக ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் மாநிலக் கருவூலத்திலிருந்து தரவேண்டும் என்று தொகையோடு எழுதியிருக்கிறது.

ஆகவே "அரசு தலையிடலாமா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பணம் யாருடையது, யாராவது கட்டாயப்படுத்தப்படுகிறாரா என்று கேளுங்கள். உலகத்தைப் பற்றி ஏதாவது சொல்லப்பட்டால் அதைச் சோதித்துப் பார்க்க வழியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கீழே வரும் பதில்களெல்லாம் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான்.

நான் கட்டும் வரி கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறதா?

கொஞ்சம் போகிறது. உறுப்பு 27 தடுப்பது, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே வரி வசூலிப்பதை. பொது வரியிலிருந்து சிறு பகுதி மத விஷயத்துக்குப் போனால் அந்த உறுப்பை மீறியதாகாது, கணிசமான பகுதி போனால்தான் மீறல் என்று 2011-இல் ஹஜ் மானிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மானியத்தைப் பத்தாண்டுக்குள் நிறுத்தும்படி 2012-இல் உத்தரவிட்டது, 2018-இல் நின்றது. நாகூர் கந்தூரிக்குத் தமிழக அரசு விலையில்லாமல் தரும் சந்தனக்கட்டை, மானசரோவர், முக்திநாத், ஜெருசலேம் பயணங்களுக்கான உதவித்தொகை எல்லாம் இந்தச் சின்னக் கணக்கில் அடங்குபவை.

எதிர்த்திசையிலும் பணம் ஓடுகிறது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவுப்படி கோயில்கள் தங்கள் வருமானத்தில் 12 விழுக்காடு வரை நிர்வாகத்துக்கும் 4 விழுக்காடு வரை தணிக்கைக்கும் இந்து சமய அறநிலையத் துறைக்குச் செலுத்துகின்றன. "உண்டியலை அரசு விழுங்குகிறது" என்பவரும் "கோயில்கள் அரசுச் செலவில் நடக்கின்றன" என்பவரும் ஆளுக்குப் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கோயில் கணக்கை எப்படிக் கேட்பது?

தகவல் உரிமைச் சட்டம் 2005. மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தக் கோயில் எந்த உதவி ஆணையர் அல்லது இணை ஆணையர் எல்லைக்குள் வருகிறதோ அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டாலோ, வந்தது மழுப்பலாக இருந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மனுக்கள் தோற்பது பெரும்பாலும் எழுதும் விதத்தால். கோயில் கணக்கு ஏப்ரல்-மார்ச் ஓட்டத்தில் இருக்காது, பசலியில் இருக்கும். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. 2023 ஜூலையில் தொடங்கியது பசலி 1433. "2023-24 நிதியாண்டுக் கணக்கு" என்று கேட்டால் அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று பதில் வர இடம் கொடுக்கிறீர்கள். "பசலி 1433-க்கான தணிக்கை அறிக்கை, 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப் பிரிவு 29-இன் கீழ் பராமரிக்கப்படும் சொத்துப் பதிவேட்டின் நகல், நிலக் குத்தகைக்கான கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "ஏன் வசூலிக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். இருக்கும் காகிதத்தைத் தருவதுதான் அந்தச் சட்டம், விளக்கம் தருவது அதன் வேலை அல்ல. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

குத்தகை நிலுவைத் தள்ளுபடி என்று மேடையில் வாக்குறுதி கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சட்டத்தின் கண்ணில் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் மூலவர். அவர் ஒரு சட்ட நபர், அதுவும் மைனர் மாதிரி பாதுகாக்கப்படவேண்டியவர். தள்ளுபடி செய்தால் அந்தப் பணம் அரசு கஜானாவிலிருந்து கழியாது, கோயில் வரவில் கழியும்.

கோயில் உபரிப் பணத்தில் கல்லூரி கட்டுவது சரியா?

1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36, 66 ஆகிய பிரிவுகள் உபரி நிதியையும் நோக்கம் நிறைவேறாத கட்டளைகளையும் (ஒரு குறிப்பிட்ட பூசைக்கோ தர்மத்துக்கோ என்று எழுதி வைத்த சொத்துகளையும்) வேறு அறப்பணிக்குத் திருப்ப வழி தருகின்றன. எந்த அளவுக்கு, யாருடைய சம்மதத்தோடு என்பதில்தான் வழக்குகள். மேலையூர் பூம்புகார் கல்லூரி அறநிலையத் துறை நடத்துவது. 2021-இல் புதிய கல்லூரிகள் அறிவிக்கப்பட்டபோது, உபரியைத் திருப்பும் முறை சரியா, ஆசிரியர் வேலைக்கு இந்துக்கள் மட்டும் என்ற நிபந்தனை சரியா என்று இரு பக்கமிருந்தும் வழக்குப் போட்டார்கள்.

வழக்கம் புதிதல்ல. திருவாவடுதுறையில் விக்கிரம சோழன் காலத்து, 1121-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வைத்தியமும் இலக்கணமும் படித்தவர்களுக்குச் சோறு போட்ட ஏற்பாட்டைச் சொல்கிறது. அஷ்டாங்க ஹிருதயமும் சரக சம்ஹிதையும் அங்கே பாடம். எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்லூரியில் 340 மாணவர், 14 ஆசிரியர், ஆளுக்கு எவ்வளவு நெல் என்பது வரை கல்லில் உண்டு. "அந்தக் காலத்திலேயே கோயில் பல்கலைக்கழகம் நடத்தியது" என்று இதைப் பெருமையாகப் பகிர்கிறவர்கள், அந்த 340 பேரில் பெரும்பகுதி வேதம் படிக்க வந்தவர்கள் என்பதையும், அந்த வாசல் பிறப்பைப் பார்த்துத் திறந்தது என்பதையும் சேர்த்தே பகிரவேண்டும். இன்று அதே மாதிரிப் பணத்தில் நடக்கும் கல்லூரியில் யார் சேரலாம் என்பது வழக்காகிறது என்றால், அந்த வாசலைப் பற்றிய பழைய கேள்விதான் அது.

வேட்பாளர் எங்கள் சாமி பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்கலாமா? பணம் கொடுத்துச் சத்தியம் வாங்குகிறார்களே?

கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3) மதம், சாதி, மொழி பெயரால் ஓட்டுக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. முன்பு இது வேட்பாளரின் மதத்தை மட்டும் குறிப்பதாக வாதிட இடமிருந்தது. 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், வாக்காளரின் மதத்தைச் சுட்டிக் கேட்டாலும் குற்றமே என்று தீர்த்தது. வேட்பாளர் கோயிலுக்குப் போவதோ விபூதி பூசுவதோ தர்காவில் போர்வை போர்த்துவதோ குற்றமல்ல.

சத்தியம் வாங்கும் பழக்கம் நம் பக்கம் நன்றாகவே தெரிந்த ஒன்று. தட்டில் கற்பூரம் ஏற்றி, பணக்கவரை அதன் பக்கத்தில் வைத்து, "கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்பார்கள். சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்ப வைப்பது 123(2)-இன்படி தகாத செல்வாக்கு. பணம் கொடுத்தது தனிக் குற்றம். வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு உறுத்தும், "கை நீட்டி வாங்கிட்டோமே" என்பார்கள். அவர்களிடம் சட்டம் பேசிப் பயனில்லை. குற்றம் செய்ய வாங்கிய சத்தியம் கட்டுப்படுத்தாது என்பதை அவர்கள் நம்பும் பூசாரியோ பங்குத்தந்தையோ இமாமோ சொன்னால் எடுபடும்.

புகார் செய்ய, தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி. அதற்குள்ளேயே படமோ இரண்டு நிமிடத்துக்குள் காணொளியோ எடுக்கவேண்டும், இடம் தானாகப் பதிவாகும். போனில் ஏற்கெனவே எடுத்து வைத்ததை ஏற்ற முடியாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான், வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை வைத்துக்கொண்டு தவிப்பார்கள். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் என்ன ஆயிற்று என்ற தகவல் திரும்ப வராது.

தேர்தலையே செல்லாததாக்க வேண்டுமென்றால் முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு, 2,000 ரூபாய் வைப்புத்தொகையோடு. பேசியவர் வேட்பாளர், அவரது முகவர், அல்லது அவர் சம்மதத்தோடு பேசியவர் என்று நிரூபிக்கவேண்டும். மனுக்கள் சறுக்குவது இந்தச் சம்மதம் என்ற படியில்தான்.

கோயில், பள்ளிவாசல், சர்ச் வளாகத்துக்குள் கட்சிக் கூட்டம் போடுவதற்கு 1988-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. ஐந்தாண்டு வரை சிறை. நிர்வாகியும் பொறுப்பு. "அவங்களாவே வந்து பேசிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லித் தப்ப முடியாது, காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கும் கடமை அவருக்கு உண்டு.

பெரிய கோயில் முன்வாசல் வழியாகப் போனால் பதவி போகும் என்கிறார்களே?

1984-இல் ராஜராஜன் முடிசூடிய ஆயிரமாண்டு விழாவுக்கு இந்திரா காந்தியும் எம்.ஜி.ஆரும் வந்தார்கள், அந்த அக்டோபரிலேயே எம்.ஜி.ஆர். படுத்தார், இந்திரா சுடப்பட்டார் என்பதுதான் ஊரில் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கில் விட்டுப்போவது, அதே டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் இருந்தபடியே ஜெயித்து மறுபடி முதல்வரானது. உடம்பு போயிற்று, பதவி போகவில்லை. 2010-இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்குக் கருணாநிதி பக்கவாசலால் வந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. 2011-இல் அவர் கட்சி தோற்று ஆட்சி போயிற்று. முன்வாசலில் வந்து தோற்றால் சாபம், பக்கவாசலில் வந்து தோற்றால் அதை யாரும் எண்ணுவதில்லை. இப்படி எந்த விடை வந்தாலும் தோற்காத நம்பிக்கையைச் சோதிக்க வழியே இல்லை. வாசலை மாற்றிக்கொண்டு போகிற அமைச்சரால் யாருக்கும் நட்டமுமில்லை என்பதால் விட்டுவிடலாம். அணை திறக்கும் தேதிக்கு நல்ல நேரம் பார்த்து நாற்றங்கால் காய்ந்தால் மட்டும் கேளுங்கள்.

நாத்திகம் பேசிய கட்சி தேர் ஓட்டியதே, முரண்பாடு இல்லையா?

திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் கிடந்து 1970-இல் கருணாநிதி ஆட்சியில் ஓடியது. அலங்கரித்தால் 96 அடி உயரம், சுமார் 300 டன். திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக்கொடுத்த பிறகே அது சாத்தியமானது. தேரில் இருப்பவரை நம்பாமலே தேர் ஊருக்கு வேண்டும் என்று ஒருவர் நினைக்கலாம். முட்டுக்கட்டை போடுபவரின் சாமர்த்தியத்தை மட்டும் நம்பித் திருப்பிய தேருக்கு பிரேக் வந்ததில் எந்த ஆகமமும் கெடவில்லை.

இதன் மறுபக்கம் களிமேடு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த அந்த ஊரில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சப்பரம் கட்டுகிற எல்லா ஊருக்கும் சொல்கிறோம்: உயரத்தைப் போன வருஷக் கணக்கில் எடுக்காதீர்கள். தார் போடப்போட சாலை ஏறுகிறது, கம்பி ஏறுவதில்லை. சாலை மட்டத்திலிருந்து கலசத்து உச்சி வரை, சீரியல் பல்பு மூங்கிலையும் சேர்த்து அளந்து, வீதியில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒத்துப்பாருங்கள். மின்வாரியத்துக்குப் புறப்படும் நேரத்தோடு நிலைக்கு வரும் நேரத்தையும் எழுத்தில் கொடுத்து மின்தடை வாங்குங்கள்.

திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுபோகிறது என்று நாசா சொன்னதா?

இல்லை. கணக்குப் போட்டாலே தெரியும். டி.வி.க்கும் தகவல்தொடர்புக்குமான நிலை வட்டப்பாதைச் செயற்கைக்கோள்கள் (பூமியோடு சேர்ந்தே சுற்றுபவை) பூமத்தியரேகைக்கு நேர் மேலே, 35,786 கி.மீ. உயரத்தில். திருநள்ளாறு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. அவை அதன் தலைக்கு மேல் வருவதே இல்லை. படம் எடுக்கும் கோள்கள் எழுநூறு, எண்ணூறு கி.மீ. உயரத்தில் பறப்பவை. மூன்று விநாடியில் தரையில் சுமார் 20 கி.மீ. கடந்துவிடும், அதாவது காரைக்காலில் இருந்து நாகப்பட்டினம். அந்த மூன்று விநாடி செயலிழந்தால் ஒவ்வொரு படத்திலும் அவ்வளவு நீளத்துக்கு ஒரு வெற்றுப் பட்டை விழும். இஸ்ரோவின் புவன் தளத்தில் திருநள்ளாறைப் பெரிதாக்கிப் பாருங்கள், நளதீர்த்தக் குளமே தெரியும். சனிப்பெயர்ச்சிக்குப் போகிறவர்கள் நாசா சான்றிதழைக் கேட்டுப் போவதில்லை. இதைப் பரப்புகிறவர்கள்தான் சாமிக்கு வெளிநாட்டுச் சிபாரிசு தேடுகிறார்கள்.

(திருநள்ளாறு புதுச்சேரி ஆட்சிப் பகுதி. மேலே சொன்ன தமிழகச் சட்டம் அங்கே செல்லாது, அங்கே 1972-ஆம் ஆண்டின் தனிச் சட்டம்.)

மழைக்காக யாகம் நடத்தும்படி அரசுத் துறையே சுற்றறிக்கை விடலாமா?

2019 ஏப்ரல் கடைசியில் அறநிலையத் துறை விட்டது: பர்ஜன்ய சாந்தி யாகம், நந்திக்குத் தண்ணீர் கட்டுவது, மழைப் பதிகம், நாதஸ்வரத்தில் அமிர்தவர்ஷினி ராகம். கோயில் பணத்தில் கோயில் வழக்கப்படி நடப்பது என்றவரை சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. சிக்கல் அதை வேலை செய்த திட்டமாகக் கணக்கு எழுதும்போது வருகிறது. சித்திரையில் வேண்டினால் ஆனியில் குடகில் மழை எப்படியும் தொடங்கும். பருவம் தானாக வருகிற ஊரில் அதற்கு முன்னால் எதைச் செய்தாலும் பலித்த மாதிரிதான் இருக்கும். அந்த ஆண்டு மேட்டூர் வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஆகஸ்ட் 13-இல் திறந்தது. குறுவை போடக் காத்திருந்தவருக்கு அந்த இரண்டு மாதம்தான் விஷயம். அதற்கான பதில் நீர்ப்பங்கீட்டிலும் தூர்வாரலிலும் இருக்கிறது, ராகத்தில் அல்ல.

பஞ்சகவ்யம், கோமூத்திர ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுப்பது தவறா?

பொருளால் தவறில்லை. கேள்வியை எப்படி வைக்கிறார்கள் என்பதால் தவறாகலாம். 2020-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நாட்டுப் பசுப் பொருட்களின் தனிச் சிறப்பை ஆராய ஒரு திட்டத்தை அறிவித்து முன்மொழிவுகள் கேட்டபோது, 500-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் எதிர்த்து எழுதினார்கள். முடிவை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு ஆதாரம் தேடச் சொல்கிறீர்கள் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். நாட்டுப் பசு, ஜெர்சி, எருமை மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தோற்றாலும் வெளியிடுவோம் என்று கேட்டிருந்தால் அது ஆராய்ச்சி.

பஞ்சகவ்யம் நம் வயலிலேயே சோதிக்கக்கூடியது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே தயாரிப்பு முறை கொடுக்கிறது: சாணம் 7 கிலோ, நெய் 1 கிலோ கலந்து மூன்று நாள், பிறகு கோமூத்திரம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர் சேர்த்து 15 நாள் தினம் கலக்கி, அதன்பின் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, வாழைப்பழம் 12. முப்பதாம் நாள் தயார். மூன்று விழுக்காடாகத் தெளிப்பு.

சோதனை இப்படி. 5 மீட்டருக்கு 4 மீட்டர் பாத்தியாக 12 பாத்தி, இரண்டிரண்டாக ஆறு ஜோடி. மொத்தம் ஆறு சென்ட், வரப்போடு ஏழெட்டு சென்ட். ஜோடிக்குள் எந்தப் பாத்திக்குத் தெளிப்பது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். கண்ணால் பார்த்துத் தேர்ந்தால் நல்ல பாத்திக்கே கை போகும். ஒரு பாத்திக்கு ஒரு தடவை ஒரு லிட்டர், அதில் வடிகட்டிய பஞ்சகவ்யம் 30 மி.லி. வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். நட்ட 10, 15, 30, 50-ஆம் நாள் தெளியுங்கள். எதிர்ப் பாத்திக்கு அதே நாளில் அதே ஒரு லிட்டர் வெறும் தண்ணீர். இந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உரம், களையெடுப்பு இரண்டுக்கும் ஒன்றே. காற்றடிக்கும் நேரத்தில் தெளித்தால் பக்கத்துப் பாத்திக்கும் போய்விடும், விடிகாலை நல்லது.

அறுக்கும்போது ஓரத்தில் இரண்டு வரிசை விட்டு நடுவில் உள்ளதை மட்டும் அறுத்து, தனித்தனிச் சாக்கில் போட்டு, எந்தச் சாக்கு எது என்று தெரியாதவரை எடை போடச் சொல்லுங்கள். ஈரப்பதம் ஒன்றாக இருக்கவேண்டும், 14 விழுக்காட்டுக்குக் காயவிடுங்கள். ஈரநெல்லும் காய்ந்த நெல்லும் கலந்தால் சோதனையே வீண். ஆறு ஜோடியிலும் தெளித்த பாத்திதான் அதிகம் என்றால், அது வெறும் தற்செயலாய் நடக்க 64-இல் 1 வாய்ப்புத்தான். அடுத்த பட்டத்திலும் செய்து பார்க்கத் தகுதியான முடிவு. நாலு ஜோடி இப்படி, இரண்டு அப்படி என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று அர்த்தம். 1922-இலிருந்து இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஏ.டி.டி. ரகங்கள் தேறி வந்ததும் இப்படிப்பட்ட சலித்தெடுப்பில்தான், பாத்தி மட்டும் இன்னும் அதிகம்.

ஆராய்ச்சிப் பணத்தை யார் எதற்கு என்று முடிவு செய்கிறார்கள்?

2020-21 கணக்குப்படி நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான் ஆராய்ச்சிக்கு. 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி திட்டம், அதில் 36,000 கோடி அரசு சாராத இடங்களிலிருந்து வரவேண்டும். அந்தப் பகுதியைக் கொடுப்பவரின் விருப்பமும் நம்பிக்கையும் கூடவே வரும், கண்காணிக்கவேண்டிய இடம் அது. கிடைக்கிற கொஞ்சத்தில் எது உள்ளே வருகிறது என்பதற்கு ஒரு பழைய உதாரணம்: 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தை அறிவியல் படிப்பாக்க முன்வந்தது. விஞ்ஞானிகள் வழக்குப் போட்டார்கள், 2004-இல் உச்ச நீதிமன்றம் கல்விக் கொள்கையில் தலையிடமாட்டோம் என்றது. சட்டம் அனுமதித்துவிட்டது என்பதால் ஒன்று அறிவியல் ஆகிவிடாது. வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடர்கள் பட்டம் இல்லாமலே நன்றாக நடத்துகிறார்கள்.

அப்படியானால் மதம் அறிவியலுக்கு எதிரிதானா?

தரங்கம்பாடியைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. சீகன்பால்கு 1706-இல் வந்தது மதம் பரப்ப. அதற்காகத்தான் அச்சுக்கூடம், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு. அந்த மிஷனுக்கு மருத்துவராக 1768-இல் வந்த கோனிக், தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர், தாவரம் சேகரிப்பதிலேயே பொழுதைக் கழித்தார். பாதிரியார் ஜான் கடற்கரை மீன்களைப் பதப்படுத்தி ஜெர்மனியில் இருந்த மீன் ஆய்வாளர் புளோக்குக்கு அனுப்பினார். நாம் குழம்பு வைக்கும் கத்தாளை மீன் வகையில் ஒரு பேரினத்துக்கு இன்றும் 'ஜானியஸ்' என்று அவர் பெயர். தஞ்சையில் பாதிரியார் சுவார்ட்சிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி இந்துவாகவே இருந்து, தன்வந்திரி மஹாலில் கண் நோயாளிகளின் குறிப்புகளை வண்ணப்படத்தோடு எழுதி வைத்தார். சரஸ்வதி மஹாலில் அவை உள்ளன.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் தன் சூத்திரங்களை குலதெய்வமான நாமகிரித் தாயார் தந்ததாகச் சொன்னார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது தாயாருக்காக அல்ல, தாளில் இருந்த கணக்குக்காக. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர், ஆனாலும் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தடையாகவில்லை. நிரூபணம் மட்டும் கேட்டார். அதே ராமானுஜன் கணக்குத் தவிர மற்றவற்றில் தோற்று கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். அந்தக் கதவை அடைத்தது மதமல்ல, பரீட்சை விதி.

பள்ளியில் மத வகுப்பு, பிரார்த்தனை, ஆன்மிகச் சொற்பொழிவு எதுவரை?

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதப் போதனை கூடாது, உறுப்பு 28(1). அரசு உதவி பெறும் பள்ளியில், அது சபையாருடையதாக இருந்தாலும், பெற்றோர் சம்மதமின்றி உங்கள் பிள்ளையை வழிபாட்டிலோ மத வகுப்பிலோ உட்காரவைக்க முடியாது, 28(3). மறைக்கல்வி (கிறிஸ்தவ மத வகுப்பு) நேரத்தில் மற்ற மாணவர்களுக்கு நன்னெறி வகுப்பு வைப்பது இதனால்தான். வேண்டாமென்றால் ஜூன் மாதமே ஒரு வரி எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். நடுவருஷத்தில் சண்டையாகக் கிளப்பினால் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் ஒருவர் ஊனத்தை முற்பிறவிப் பாவம் என்று பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து மறுத்தார். தூண்டுரை என்ற பெயரில் யாராவது வருவதாக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் பேச்சாளர் பெயர், தலைப்பு, முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி ஆணை எண் மூன்றையும் முன்கூட்டியே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

பரிணாமம் பாடத்தை நடத்தினால் வீட்டில் சண்டை வருகிறது. எப்படி நடத்துவது?

மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து அதை நீக்கியபோது 2023-இல் 1,800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' அப்படியே இருக்கிறது. கேள்வி வரும் பாடம், தாண்டிப் போகாதீர்கள்.

"குரங்கிலிருந்து மனிதன்" என்ற வரியில் தொடங்கினால் அன்றே வம்பு. கல்லில் தொடங்குங்கள். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது, தஞ்சையிலிருந்து போய் ஒரே நாளில் திரும்பலாம். கடல் அந்த இடம் வரை இருந்தது என்பதற்கு அதைச் சுற்றிய பாறையே சாட்சி. காரை, குன்னம் பக்கத்து ஓடைகளில் அம்மோனைட் (பழங்காலக் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஓட்டுயிர்) புதைபடிவங்கள் உண்டு. பார்க்கலாம், பொறுக்கி வரக்கூடாது. சுருள் சுருளாக, குறுக்கே வரிவரியாக இருக்கும். வகுப்பில் கும்பகோணத்து வைணவ வீட்டுப் பிள்ளை ஒன்றாவது "இது எங்க வீட்டுப் பெருமாள் பெட்டியில இருக்கே" என்று சொல்லக்கூடும். அதுவும் அம்மோனைட்தான். கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமத்தின் சக்கரம் அந்த உயிரின் ஓட்டுச் சுருள், காரையில் கிடப்பதைவிட இன்னும் பழையது. பாட்டியிடம் கேட்டு, திருமஞ்சனம் முடிந்த பிறகு, ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்து வரச் சொல்லுங்கள். எத்தனை வரி என்று எண்ணி எழுதி வரட்டும்.